நாக்குக்கு அடியில்

மாத்திரை நாக்குக்கு அடியில் போனதும் பரசுராமன் வாயை மூடிக்கொண்டான். கூடவே கண்ணையும் மூடிக்கொண்டான். சுகப்பிரியா செல்போனில் மணி பார்த்தாள். ஐந்து மணி ஐந்து நிமிடம். இனிப் பத்து நிமிடத்துக்கு அவன் பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, மாத்திரை தானாகக் கரைகிறவரை எச்சிலைக்கூட விழுங்காமல் இருந்தால் நல்லது. அதுவரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பெனி பஸ் ஐந்தரைக்குப் பிள்ளைப்பாக்கம் கூட்ரோட்டுக்கு வந்துவிடும். சொந்த மாமியாரே ஓடி வந்தாலும் அந்த டிரைவர் ஒரு நிமிடம் நிற்க மாட்டார் என்று கம்பெனி லைனில் கூட வேலை செய்கிற பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடுப்படியில் மாமியார் சந்திரம்மாள் எலுமிச்சம்பழ சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மகன் விடிகாலையில் தியானம் பண்ணுகிறான் என்பது மட்டும்தான். அப்படித்தான் பரசுராமன் சொல்லிவைத்திருந்தான். அவளும் அதைத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தியானத்தாலேயே என் புள்ள அந்தப் பாழாப்போன பழக்கத்தை வுட்டுட்டான், உட்கார்ந்தான்னா வாயத் தொறக்க மாட்டான் என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் பெருமையடித்துக்கொள்ளும்போதெல்லாம் சுகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். தியானமாம், தியானம்! பதினைந்து நாளுக்கு ஒருமுறை லீவு போட்டு, விடியற்காலையில் பஸ் மாறிப் பஸ் மாறிப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வருகிறவள் ஒருத்தி. பேர் வாங்குவது தியானம்.

இதெல்லாம் ஒரு முதுகுவலியில் ஆரம்பித்தது. ஒரகடத்தில் காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனியில் பரசுராமனுக்குப் பிரஸ் லைனில் வேலை. காண்டிராக்ட்தான், ஆனால் பர்மனெண்ட் ஆக்குவதாக ஆசை காட்டியிருந்தார்கள். அந்த ஆசையில் ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்தான். குனிந்து குனிந்து தகடு தூக்கி இடுப்பு விட்டுப்போன ஒரு நாளில், பக்கத்து மெஷின்காரன் ஒரு வலி மாத்திரையைக் கையில் வைத்தான். வலி போனது. வலி மட்டுமா போனது, மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கிய மாதிரி இருந்ததாம். பிறகு ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு அட்டையாகி, ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. விரல் போகாமல் தப்பியது கடவுள் புண்ணியம். வேலை தப்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த வைத்தியத்தைச் சொன்னால் ஒரு ஊருக்கே காணும். நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த சாம்பல் நிறப் பொடியைச் சந்திரம்மாள் அவனுக்குத் தெரியாமல் மீன் குழம்பில் கலந்தாள். மூன்று நாள் வாந்தி எடுத்தான், நான்காம் நாள் மாத்திரை தேடிப் போனான். ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். நன்றாக அழுதான், திரும்பி வரும் வழியிலேயே இறங்கிப் போய்விட்டான். திருத்திக் காட்டுகிறோம் என்று பலகை மாட்டியிருந்த ஒரு மையத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். இருபத்தோரு நாள் கழித்து முதுகெல்லாம் பிரம்புத் தழும்போடு வந்தான். வந்த மூன்றாம் நாளே பழைய கதை. அப்போதும் சந்திரம்மாள் மையத்தைக் குறை சொல்லவில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, தன் மகனைக் காதல் என்று மயக்கிக் கட்டிக்கொண்டவள் காலடி பட்ட நேரம் என்றாள்.

சுகப்பிரியாவுக்கு வழி சொன்னவள் இருங்காட்டுக்கோட்டையில் அவளோடு செல்போன் பாகம் பொருத்துகிற லைனில் நிற்கும் ஷாரோன். ஷாரோனின் தம்பி அதே பெரியாஸ்பத்திரியில் தேறியவன். அங்கே டாக்டரம்மா அடிக்கவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுவதில்லையா, அந்த மாதிரி இதுவும் ஒரு வியாதி, இதுவும் ஒரு மாத்திரை, வருஷக்கணக்காகக்கூடப் போட வேண்டியிருக்கும், நாளுக்கு ஒருமுறை, நாக்குக்கு அடியில், நீ எதிரில் உட்கார்ந்து போட வை, அட்டையை அவர் கையில் கொடுக்காதே என்றார். இரண்டாம் வாரமே பரசுராமன் ராத்திரி தூங்கினான். இரண்டாம் மாதம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். நோட்டுப் புத்தகத்தில் சுகப்பிரியா ஒவ்வொரு நாளுக்கும் நம்பர் போட்டுக்கொண்டு வந்தாள். இன்றைக்கு நூற்றுப் பதினொன்று.

இந்த லீவுகளால் அவளுக்கு வர இருந்த லைன் லீடர் வேலை வேறொருத்திக்குப் போனது. அதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவளை அரித்ததெல்லாம் ஆரம்பத்தில் அவன் வாங்கிக்கொண்ட சத்தியம்தான். "அம்மாவாண்ட மட்டும் சொல்லிடாத. மாத்திரைய வுட்டுட்டேன்னு நம்பிக்கினு கீது. இன்னொரு மாத்திரை போட்டுக்கினு கீறேன்னு தெரிஞ்சா உடைஞ்சிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தேறட்டும், தேறின பிறகு அவனே சொல்லட்டும் என்று அவளும் தலையாட்டினாள். தலையாட்டினது தப்பு. அது அவளுக்கு இன்று காலையில்தான் தெரியப் போகிறது.

சந்திரம்மாள் டிபன் பாக்ஸை மூடினாள். மருமகள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்குமே என்ற நல்லெண்ணத்தில், தானே அவளுடைய பைக்குள் வைக்கப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் அந்தப் பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பாக்ஸ் உள்ளே இறங்கவில்லை. அடியில் இருந்த கைக்குட்டை மடிப்பை வெளியே எடுத்தாள். அதற்குள் அட்டை.

கையில் அட்டையோடு அவள் கூடத்துக்கு வந்தபோது மணி ஐந்து ஒன்பது.

"இன்னாது இது?"

சுகப்பிரியா புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். வாயில் மாத்திரை பாதிதான் கரைந்திருக்கும்.

"உன்னைத்தான் கேக்கறேன் சுகா. என் புள்ள செத்துப் பொழச்சி வந்து நாலு மாசம் ஆவல... உன் பையில மாத்திரை கீது. நீதான் வாங்கியாந்து குடுக்கறியா? புருசன் தெளிஞ்சிட்டா உன் பேச்சக் கேக்க மாட்டான்னு, மயக்கத்துலயே வெச்சிக்கலாம்னு பாக்கறியா?"

"அத்தை, ஆறு நிமிசம் பொறுங்க. அவுகளே சொல்லுவாக."

"இன்னா ஆறு நிமிசம்? டேய் பரசு, வாயத் தொறந்து சொல்லுடா. இது உனுக்குத் தெரியுமா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. சந்திரம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். பெற்றவள் கேட்டும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? மௌனம் சம்மதம்! அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். புருஷனைப் பறிகொடுத்தது, நிலம் கம்பெனிக்குப் போனது, ஒரே மகனை ஒரு அசலூர்க்காரி கையில் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுதாள். சுகப்பிரியா எதையும் காதில் வாங்கவில்லை. அவள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பன்னிரண்டு. ஐந்து பதின்மூன்று. மாமியார் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் வட்டியோடு திருப்பித் தர அவளால் முடியும். ஆனால் சத்தியம் வாங்கினவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் இரண்டு நிமிடத்தில் அவன் வாய் திறக்கும். திறந்ததும் எல்லாம் தெளிந்துவிடும்.

ஐந்து பதினைந்து ஆயிற்று. பரசுராமன் விழுங்கினான். எழுந்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பின்கட்டில் இருந்த குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. சுகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியார் சொன்னது எதுவும் அவளைச் சுடவில்லை. அந்தக் குழாய்ச் சத்தம் சுட்டது.

"அது மருந்து அத்தை" என்று மட்டும் சொன்னாள். "ஆஸ்பத்திரியில கொடுத்தது. பழைய மாத்திரையைத் தேடாம இருக்கதுக்கு."

"மாத்திரைய வுடறதுக்கு மாத்திரையா? குடிக்கிறவனுக்குப் பிராந்தி ஊத்தித்தான் தெளிய வெப்பியா நீ? எனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா மாத்திரைன்னா இன்னான்னு தெரியும்மா."

மீதி இருந்த எட்டு மாத்திரையும் அட்டையோடு அடுப்பில் விழுந்தன. எட்டும் கருகிய நாற்றம் கூடத்துக்கு வந்தது. கூட்ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சுகப்பிரியா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். டிபன் பாக்ஸ் அடுப்படி மேடையிலேயே இருந்துவிட்டது.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துவிட்டு, எட்டு மணி நேரம் ஸ்குரூ முடுக்கிக்கொண்டு, அவள் மனசுக்குள் ஆயிரம் சண்டை போட்டாள். எல்லாச் சண்டையிலும் அவள்தான் ஜெயித்தாள். மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது சண்டையே முடிந்து தீர்ப்பும் ஆகியிருந்தது. பரசுராமன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் தடவிய கயிறு.

ஏரிக்கரை எல்லையம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் கயிறு கட்டுவார்கள். குடியை விடுகிறவர்கள் அம்மனுக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்டு மீறினால் கண் போகும், குலம் போகும் என்று பேச்சு. பூசாரி கன்னியப்பன் வழக்கம்போல, எதை வுடறே என்று கேட்டாராம். பரசுராமன் வாய் திறப்பதற்குள் சந்திரம்மாள் முந்திக்கொண்டு, மாத்திரை சாமி, மாத்திரை, இனிமே மாத்திரைய கையால தொட மாட்டான் என்று சொல்லிவிட்டாள். இவன் தலையாட்டினான். ஒரு மண்டலத்துக்குக் கணக்கு.

சுகப்பிரியா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, தீர்ந்துபோச்சுன்னு சொன்னா டாக்டரம்மா வேற தருவாக என்றாள். அவன் கயிற்றைத் தடவிக்கொண்டே முடியாது என்றான். அம்மன் எதிரில் மாத்திரை என்றுதான் சொல்லியிருக்கிறதாம். எந்த மாத்திரை என்று பிரித்துச் சொல்லவில்லையாம். நல்லதும் மாத்திரைதான், கெட்டதும் மாத்திரைதானாம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பயப்படுகிறவன், அன்று காலையில் ஒரே ஒரு சொல்லை வெளியே விட்டிருந்தால் என்ன? அவள் கேட்டாள். அவன் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் கொட்டாவி ஆரம்பித்தது. பிறகு மூக்கு ஒழுகியது, கால் குடைந்தது, வயிறு போனது. வேலைக்குப் போகவில்லை. பாயில் புரண்டான். சந்திரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விபூதி பூசி, விஷம் எறங்குது, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஆற்றினாள். சுகப்பிரியா டாக்டருக்குப் போன் பண்ணினாள். உடனே கூட்டி வா என்றார்கள். கூட்டிப் போக வந்தவளை மாமியார் வாசற்படியில் குறுக்கே நின்று தடுத்தாள். எம் புள்ளயத் தொடாத என்றாள். பாயில் கிடந்தவனும், நீ போ சுகா, நான் சமாளிச்சிக்கிறேன் என்றான்.

ஐந்தாம் நாள் அவள் பையைக் கட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் ஷாரோன் ஒரு கட்டில் சொல்லிவைத்திருந்தாள். சுகப்பிரியா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. நாள் நம்பர் போட்ட நோட்டுப் புத்தகத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அதில் நூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு எழுதவில்லை. டாக்டர் நம்பர் முதல் பக்கத்தில் இருக்கிறது என்றாள். மாமியாரின் பிரஷர் மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்துப் போடுகிற டப்பாவை எப்போதும்போல் நிரப்பி அதன் பக்கத்தில் வைத்தாள். அது அவள் வேலையாகவே இருந்து வந்தது. படியிறங்கும்போது திரும்பி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அத்தை, இதை மட்டும் கேட்டுக்கிடுங்க. அவுக இப்ப இத்தனை நாள் விட்டிருக்காக. ஒருவேளை கயித்தை மீறி மறுபடி அந்த மாத்திரையை எடுத்தாகன்னா, பழைய அளவுக்குப் போடக் கூடாது. உடம்பு தாங்காது. மூச்சு நின்னுரும்."

சந்திரம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "போறவ சாபம் வுட்டுட்டுப் போறியா? என் புள்ள மூச்சு நிக்கணுமா?"

விளக்கிச் சொல்ல சுகப்பிரியாவிடம் தெம்பு இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த வீட்டிலோ திறக்க வேண்டிய வாய் திறக்கவில்லை. அவள் கூட்ரோட்டை நோக்கி நடந்தாள்.

ஹாஸ்டலில் ஆறு பேருக்கு ஒரு அறை. எல்லாம் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள். அக்கா, அக்கா என்று சுற்றி வந்தார்கள். அவளுக்குக் காலையில் ஐந்து ஐந்துக்கு விழிப்புத் தட்டும். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். இவ்வளவு செய்தும் சாபம் விட்டவள் என்ற பட்டம்தான் மிச்சம் என்று நினைக்கும்போது ஆத்திரமாக வந்தது. அழுகையாக வந்திருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

கயிறு கட்டிய பன்னிரண்டாம் நாள், ஷிஃப்ட் முடிந்து வாசலில் போனை வாங்கியபோது பிள்ளைப்பாக்கத்திலேயே அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் ஜோதியிடமிருந்து பதினாலு தவறிய அழைப்பு. அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தாள். திருப்பிக் கூப்பிட்டாள்.

"அண்ணி... அம்மா வுழுந்துட்டாங்க. வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு. அரசு ஆஸ்பத்திரியில வெச்சிக்கினு கீறோம். என்ன மாத்திரை சாப்புடறாங்கன்னு கேக்கறாங்க, எங்க யாருக்கும் தெரியல அண்ணி."

சுகப்பிரியா ஆட்டோ பிடித்து நேராகப் பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போனாள். ஃபிரிட்ஜ் மேல் டப்பா இருந்தது. எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் நிரப்பி வைத்தது நிரப்பி வைத்தபடியே இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், ஏழு அறையிலும் ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். அதற்கு முந்தின நாட்களில் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளும் ஒரு காகிதத்தில் மடித்து அம்மன் படத்துக்குப் பின்னால் கிடந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சந்திரம்மாள் படுத்திருந்தாள். வாய் நேராகிவிட்டிருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, நல்ல வேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், எதற்காக மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கிழவி முந்தானைக்குள் கையை ஒளித்தாள். சுகப்பிரியா அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதிலும் மஞ்சள் கயிறு!

"நீங்க எதுக்குக் கட்டுனீங்க?"

சந்திரம்மாளின் கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. "எம் புள்ள மாத்திரைய வுட்டுட்டு பாயில துடிக்கிறான். நான் மட்டும் குந்திக்கினு மாத்திரைய முழுங்கிக்கினு இருப்பனா? அவனுக்குத் தொணையா நானும் வுடறேன்னு அன்னிக்கே அம்மன் படத்தாண்ட சொல்லிட்டேன், வந்த செவ்வாக்கெழம கயிறும் கட்டிக்கினேன்..."

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்காகவும் உயிரை விடத் தயார். ஒரு வார்த்தை பேசத்தான் யாரும் தயாரில்லை. அவள் பன்னிரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் ஆஸ்பத்திரி வார்டு என்றும் பாராமல் வெளியே வந்தது. எனக்கும் ஒரு தாய் இருக்கிறாள், நானும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான், லீவு போட்டு, வர இருந்த வேலையை இழந்து ஓடினது யாருக்காக, சாபம் விட்டவள் என்று பேர் வாங்கவா என்று கேட்டாள். ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிலின் கால்மாட்டில், பன்னிரண்டு நாளில் பாதியாக இளைத்துப்போய் நின்றிருந்தான் பரசுராமன்.

அவன் முன்னால் வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவின் மெத்தைமேல் வைத்தான். பிரிக்காத ஒரு வலி மாத்திரை அட்டை.

"நேத்து வாங்குனேன்மா. தாங்க முடியல. வூட்டுக்குப் பின்னால நின்னுக்கினு, முன்ன போடற மாதிரி பத்தையும் ஒரே வாட்டி போட்டுக்கலாம்னு நெனச்சேன். சுகா சொல்லிட்டுப் போச்சே, பழைய அளவு போட்டா மூச்சு நின்னுடும்னு... அது காதுல கேட்டுச்சு. பிரிக்கல. நீ சாபம்னு சொன்ன பாரு, அதாலதான் நான் உசுரோட நிக்கறேன்." அவன் குரல் உடைந்தது. "தியானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாலு மாசம் நான் மனுசனா இருந்தது அது வாங்கியாந்த ஆஸ்பத்திரி மாத்திரையால. உன்னாண்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்குனவன் நான். அன்னிக்கு வாய்ல மாத்திரை இருந்துச்சு, பேசல. கரைஞ்சப்பறமும் பேசல பாரு... அது என் தப்பு."

சந்திரம்மாள் அட்டையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. கயிறு கட்டிய கையை மட்டும் நீட்டினாள். சுகப்பிரியா அந்தக் கையைப் பார்த்தாள். கோபம் ஆறியதா என்று கேட்டால் இல்லை. ஆனாலும் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவி அவளை இழுத்துத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அப்போதுதான், இத்தனை நாள் வராத அழுகை சுகப்பிரியாவுக்கும் வந்தது.

அழுது முடித்ததும் அவள் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்தாள். சந்திரம்மாள் தயங்கினாள். அம்மனாண்ட சொல்லிட்டேனே என்றாள். சத்தியமாயிற்றே! கடைசியில் ஜோதி போய்ப் பூசாரி கன்னியப்பனையே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நானே சுகர் மாத்திரை போட்டுக்கினுதாம்மா காலைல பூசைக்குப் போறேன். மாத்திரைன்னு நீ சொன்ன, எந்த மாத்திரைன்னு நீயும் சொல்லல, நானும் கேக்கல. அம்மனுக்கா தெரியாது?"

அவர் கயிற்றை அறுக்கவில்லை. திருட்டு மாத்திரைக்குத்தான் இந்தக் கயிறு, டாக்டர் மாத்திரைக்கு இல்ல என்று இரண்டு பேர் கையையும் தொட்டு, அம்மனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பரசுராமன் பெரியாஸ்பத்திரிக்குத் தானாகக் கிளம்பினான். டாக்டரம்மா திட்டவில்லை. அட்டையைக் கொடுத்து, புது நோட்டுப் போடுங்கள் என்றார். நூற்றுப் பதினொன்று போய் மறுபடி ஒன்று. சுகப்பிரியாவுக்கு அந்த ஒன்றை எழுதும்போது கை வலித்தது. போன நாள் போனதுதான், போன லைன் லீடர் வேலையும் போனதுதான். வீட்டுக்குத் திரும்ப அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். யார் கேட்டாலும் இது என்ன மாத்திரை என்று அவனே சொல்ல வேண்டும். அவன் சரி என்றான். அன்றைக்கே எதிர்வீட்டு அம்மா, என்ன பரசு தியானம் உண்டா என்று கேட்டபோது, இல்லக்கா, வைத்தியம் என்றான். முகம் சிவந்துபோய்த்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

ஒன்பதாம் நாள் காலை. ஐந்து மணி ஐந்து நிமிடம். பரசுராமன் வாயை மூடிக்கொண்டான். சந்திரம்மாள் தன் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அவன் எதிரில் முட்டிமேல் கை கட்டி உட்கார்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு மணி பார்க்க மட்டும் சுகப்பிரியா கற்றுக் கொடுத்திருந்தாள். பெரிய முள் ஒன்றிலிருந்து மூன்றுக்கு வருகிறவரை என்று கணக்கு. பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஜோதி அண்ணனிடம் ஏதோ கேட்க வாய் திறந்ததும் கிழவி கையை உயர்த்தித் தடுத்தாள். எதுன்னாலும் என்னாண்ட கேளு, அவன் பேசக் கூடாது என்றாள்.

முள் மூன்றுக்கு வந்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டிபன் பாக்ஸை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சுகப்பிரியாவின் பை நாற்காலிமேல் இருந்தது. சந்திரம்மாள் பைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் தொடவில்லை.

"சுகா... பையத் தொறக்கட்டுமா?"

தலை வாரிக்கொண்டிருந்த சுகப்பிரியாவுக்குச் சீப்பு அப்படியே நின்றது.

"தொறங்க அத்தை" என்றாள்.